இஸ்லாமியத் தம்பதிகளும் பிள்ளைப்பேற்றுச் சிகிச்சையும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



போன கூடுகையில் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "ஐயா, பிள்ளையில்லை என்று நம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் முஸ்லிம் பெண்களும் அநேகர் இருக்கிறார்களே, இந்தச் சிகிச்சையையெல்லாம் அவர்கள் மார்க்கம் ஒத்துக்கொள்கிறதா?" நல்ல கேள்வி. அந்தப் பகுதிக்கென்று காணிக்கை அனுப்புகிற நீங்கள் இதைத் தெரிந்திருப்பது அவசியம் என்றே நினைக்கிறேன்.

ஒத்துக்கொள்கிறது, ஆனால் ஓர் எல்லைக்கு உட்பட்டு. அந்த எல்லை எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நாம் லூக்கா முதல் அதிகாரத்தில் வாசிக்கும் சகரியாவைக் குர்ஆனும் அறியும். முதிர்வயதில், தன்னைத் தனியாக விட்டுவிடாதேயும் என்று அவர் இறைவனிடம் மன்றாடியதை அது சொல்லுகிறது. ஆபிரகாமின் மனைவி, கிழவியான நானா பெறுவேன் என்று வியந்ததும் அங்கே உண்டு. இறைவன் சிலருக்குப் பெண்மக்களை, சிலருக்கு ஆண்மக்களை, சிலருக்கு இருபாலரையும் கொடுக்கிறார், சிலரைப் பிள்ளையற்றவராக வைக்கிறார் என்று 42ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஆகவே பிள்ளையில்லாமை ஒரு சாபமல்ல; தண்டனையுமல்ல. நபிகளின் மனைவியரில் ஆயிஷா அம்மையாருக்குக் குழந்தை இல்லை. ஆயினும் இன்றளவும் அவர்கள் அவரை மூமின்களின் தாய் என்றே அழைக்கிறார்கள். வார்டில் மாமியாரின் வார்த்தையால் நொந்து கிடந்த ஒரு பெண்ணுக்கு இதை எடுத்துச் சொன்னது நானல்ல, பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான முஸ்லிம் அம்மாள்தான். நான் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதோடு நோய்க்கு மருந்து தேடுவது அவர்களுக்குக் கடமையைப் போன்றது. எனவே சிகிச்சைக்கு வருவதில் விசுவாசக் குறைவு எதையும் அவர்கள் காண்பதில்லை.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலையில். இரண்டே ஆண்டுகளுக்குள், 1980 மார்ச்சில், எகிப்தின் தலைமை முப்தியாக இருந்த ஜாதுல் ஹக் அவர்கள் இதைக்குறித்து ஃபத்வா கொடுத்தார். பின்னாளில் அவர் அல்அஸ்ஹரின் தலைவரானவர். கணவனின் விந்து, மனைவியின் கருமுட்டை, அவளுடைய கர்ப்பம், இவை மூன்றும் நடைமுறையில் இருக்கும் திருமண பந்தத்துக்குள் சேருமானால் ஆகும். அந்நியர் ஒருவரின் விந்தோ கருமுட்டையோ இடையில் வருமானால் ஆகாது. இதுவே அதன் சாரம். 1986இல் அம்மான் நகரில் கூடிய இஸ்லாமிய சட்டவியல் பேரவையும் இதே வழியில் தீர்மானித்தது. எகிப்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1987இல் பிறந்தது.

நம் ஆதியாகமத்து ஆகாரின் காரியம்கூட அவர்களிடையே விவாதத்துக்கு வந்தது. ஒரே கணவனின் இன்னொரு மனைவி கருவைச் சுமக்கலாமா? மக்காவில் கூடிய சட்டவியல் குழு 1984இல் ஆகும் என்றது. மறு ஆண்டே அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஈரானின் ஷியாக்களிடையே வழி வேறு. 1999இல் காமெனெய் அவர்கள் தானத்துக்குச் சில நிபந்தனைகளோடு இடங்கொடுத்தார். 2003இல் கருத்தானத்துக்குச் சட்டமும் வந்தது. ஆனால் நம் தமிழ் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் சுன்னத் ஜமாஅத்தார். ஆகவே நம் வாசலுக்கு வருகிறவர்களுக்கு எகிப்து சொன்னதே பொருந்தும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வம்சம் என்பதே காரணம். இன்னார் மகன் என்பதைப் பொறுத்தே ஒருவன் யாரை மணக்கலாம், யாருடைய சொத்தில் பங்கு பெறுவான் என்பதெல்லாம் அவர்களுக்கு அமைகிறது. தகப்பன் யாரென்பதை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்பது அவர்கள் எண்ணம். கணவன் இறந்துபோனாலோ தலாக் ஆகிவிட்டாலோ, உறையவைத்த கருவையும் பயன்படுத்தமாட்டார்கள். பந்தம் முடிந்துவிட்டது அல்லவா! ரோமன் கத்தோலிக்க சபை 1987இல், கணவன் மனைவிக்குள்ளேயும் இம்முறை தகாது என்று அறிவித்தது. நம் சீர்திருத்த சபைகளிலோ ஒரே குரல் கிடையாது. இந்த விஷயத்தில் அவரவர் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும் நம்மைவிட, அவர்கள் தங்கள் ஜனங்களுக்குத் தெளிவாகவே பேசியிருக்கிறார்கள் என்பேன்.

இது ஏட்டுக் காரியமல்ல. திருமணமாகி ஒன்பது வருஷமான ஒரு தம்பதியர் நம்மிடம் வந்தார்கள். அத்தனை காலமும் சோதனைகளும், தர்காக்களில் நேர்ச்சையும் மனைவிக்கே. குறை கணவனிடத்தில் இருந்தது; விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. வேறோர் இடத்தில், "வங்கியிலிருந்து வாங்கி வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சகோதரர் என் அறையில் உட்கார்ந்து சொன்னார்: "ஐயா, அல்லாவுக்குத் தெரியுமே. எனக்கும் தெரியுமே." அவரைப் படியாதவர் என்று நம் ஊழியர் ஒருவர் முணுமுணுத்தார். அவர் படித்தவர்தான், படியாதவராயிருந்தால்தான் என்ன?

1992இல் பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர்கள் ஒரேயொரு உயிரணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்திக் குழந்தை பிறந்ததை வெளியிட்டார்கள். விதைப்பையிலிருந்தே அணுவை எடுக்கவும் இப்போது முடியும். தானத்தை ஏற்கமுடியாத இஸ்லாமிய ஆண்களுக்கு அது பெரிய வாசல். நம் டாக்டர் அம்மா அவரை அதற்காகப் பெரிய நகரத்துக்கு அனுப்பினார். உங்கள் நிதியிலிருந்து ஒரு பகுதியும் கொடுத்தோம். தேடினார்கள், அணு கிடைக்கவில்லை.

இப்போது அவர்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை வளருகிறாள், தாயை இழந்த பிள்ளை. தத்தெடுத்துத் தங்கள் பெயரை இடுவது மார்க்கத்தில் இல்லை. நபிகள் தாம் வளர்த்த ஸைதையே அவருடைய சொந்தத் தகப்பனார் பெயரால் அழைக்கும்படி ஆயிற்று. முஸ்லிம்களும் விரும்பினால் இந்தியச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. இவர்கள் அந்த வழியை நாடவில்லை. குழந்தை தன் தகப்பன் பெயரோடேயே இருக்கிறாள். ஆனால் அந்தச் சகோதரரின் தங்கை அப்போது கைக்குழந்தைக்காரி. அவள் இந்தக் குழந்தைக்கும் பல நாட்கள் பால் கொடுத்தாள். இரண்டு வயதுக்குள் இப்படிப் பாலருந்தினால் பால்குடி உறவு உண்டாகிவிடும். இவர் அவளுக்குத் தாய்மாமன் ஆனார். நம் ஊரில் தாய்மாமன் என்றால் கட்டிக்கொடுக்கும் முறை என்பார்கள். அவர்களுக்கோ மணக்கவே கூடாத உறவு. ஆகையால் அவள் பெரியவளான பிறகும் அந்த வீட்டில் முக்காடில்லாமல், பயமில்லாமல் நடமாடலாம். வாரிசுப் பங்கு கிடையாது. தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மரணசாசனமாக எழுதிவைக்கலாம். எழுதிவிட்டதாகச் சொன்னார்.

ஆகவே நம் ஆய்வுக்கூடத்தில் எந்தக் குப்பியிலும் இரண்டு பேர் பெயரைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறோம். குப்பி மாறினால் மற்றவருக்கு அது பெரும் வேதனை. இவர்களுக்கோ மார்க்கமே தவறிப்போன காரியம். நோன்பு மாதத்தில் அவசரமில்லாத பரிசோதனைகளைத் தள்ளிவைக்கிறோம், அல்லது இஃப்தாருக்குப் பின் வைக்கிறோம்.

இன்னும் இரண்டு தேவைகள் உண்டு. மாதிரி கொடுக்க வரும் ஆண்களுக்கு இப்போது பொதுக் கழிவறைதான். தாழ்ப்பாளுள்ள ஒரு சிறு அறையும், குளித்துவிட்டுப் போகத் தண்ணீர்க் குழாயும் வேண்டும். குளிக்காமல் அவர்கள் தொழமுடியாது. மாலை நேரத்தில் ஸ்கேன் எடுக்க ஒரு பெண் ஊழியரும் வேண்டும். அறைக்கான வரைபடம் வாசலருகே மேஜையில் இருக்கிறது. போகும்போது பாருங்கள்.