கடலூரில் கரையேறிய மூன்று படகுகள்
(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிடம் என்றார். வங்கியில் ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மலை தெரியும், கிரிவலம் தெரியும். தண்ணீர் என்றால் ஐயங்குளம், மிஞ்சிப் போனால் சாத்தனூர் அணை. கடல் பார்க்க நூறு கிலோமீட்டர் தாண்டி புதுச்சேரி போக வேண்டும். அங்கே கல்லூரியில் படிக்கிற என் மகள் வயிற்றுப் பேத்தி, என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருக்கிறாள். ஒரு நாள் போன் செய்து, "தாத்தா, படகில் காரைக்கால் போய்த் திரும்பப் போறேன்" என்றாள்.

புதுச்சேரி என்.சி.சி. மாணவர்கள் இப்படிப் போவது புதிதல்ல. கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால் போய், அதே வழியில் திரும்புவது. சுமார் 300 கிலோமீட்டர், பத்துப் பதினொரு நாள். வேலர் என்கிற 27 அடிப் படகு. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. ஒரு படகுக்கு ஐந்து துடுப்பு: வலது பக்கம் மூன்று, இடது பக்கம் இரண்டு. "டேலி ஆகவில்லையே" என்று கேட்டேன். "மிச்சத்தைச் சுக்கான் பார்த்துக்கும்" என்றாள். துடுப்பு வலிப்பவர்கள் முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். போகும் திசையைப் பார்ப்பவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவரே. அவரை நம்பித்தான் மற்றவர்கள் வலிக்கிறார்கள்.

நான் வேண்டாம் என்றேன். காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நான் கடலூர்க் கிளையில் வேலையில் இருந்தேன். தேவனாம்பட்டினத்துக் குடும்பங்களின் கணக்குகளைத் தீர்த்துக் கொடுக்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. கணக்குக்காரரும் நாமினியும் சேர்ந்தே போன கணக்குகள் அதில் இருந்தன. அந்தப் படிவங்களை நிரப்பியவன், பேத்தி கடலுக்குப் போக எப்படிச் சம்மதிப்பான்? மாப்பிள்ளை என்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

மனசு கேட்காமல் பஸ் ஏறிக் கடலூர் பழைய பட்டினம் போய், முகத்துவாரத்தில் நின்றேன். மூன்று படகுகளும் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தன. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "பாயை இறக்கிட்டாங்க. வாய்க்கிட்ட அலை உடையுது. இனிமே தண்டு வலிச்சுத்தான் வரணும்" என்றார். அவர் சொன்னபடியே வந்தார்கள். ஒரே தாளத்தில் ஐந்து துடுப்பும் எழுந்து விழுந்தன. ஒரு பையன் வாந்தி எடுத்துத் துவண்டு படுத்திருக்க, அவன் இடத்தில் உட்கார்ந்து வலித்தவள் என் பேத்தி. இறங்கியதும் கையைக் காட்டினாள், நான்கு கொப்புளம். "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். இன்றுதான் சொல்கிறேன்.

இதற்கும் பெரிய பயணங்கள் உண்டு. 1969இல் பினாகி சாட்டர்ஜி, ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக் என்ற இருவர் கொல்கத்தாவிலிருந்து அந்தமானுக்குத் துடுப்புப் படகிலேயே போனார்கள். நம் பக்கத்துப் புதுச்சேரிப் பெண் ரூபா, கடற்படை அதிகாரி, கேரளத்து தில்னாவோடு பாய்மரப் படகில் உலகைச் சுற்றி, 2025 மே மாதம் கோவா திரும்பினார். படகில் அந்த இருவர் மட்டும், எட்டு மாதம்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், நம் குடியிருப்பில் இன்னொரு பெண்ணின் சம்மதப் படிவம் இரண்டு வாரமாக டி.வி. மேல் கிடக்கிறது. அந்த வீட்டாரைக் கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பேத்தி திரும்பும்வரை நானே சரியாகத் தூங்கவில்லை. ஆனால் பயந்து படிவத்தை மூடி வைக்காமல், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பாதுகாப்புப் படகு கூடவே வருகிறதா? லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிவிடுகிறார்களா? வானிலை எச்சரிக்கை வந்தால் இன்று வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? கடைசிக் கேள்விதான் முக்கியம். பேத்தி போனபோது ஒரு நாள் காற்று அதிகம் என்று படகை இறக்கவே இல்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அன்றுதான்.

வருகிற ஞாயிறு அவள் எங்கள் வீட்டில் இருப்பாள். காலை பத்து மணிக்கு மேல் அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் அனுப்புங்கள். காபி உண்டு.