எதிர்பாராத இடத்தில் ஒரு கோள்

(நூற்றாண்டு விழாவில் 1995ஆம் ஆண்டு உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பூரட்டாதி என்று நாம் சொல்லும் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையே, சற்று மேற்கே தள்ளி, மங்கலான விண்மீன் ஒன்று உண்டு. அதன் பெயர் 51 பெகாசி. ஏறத்தாழ 50 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலில் உறுதியாக அறியப்பட்டது அங்கேதான்.

அந்தக் கோளை எவரும் கண்ணால் காணவில்லை. விண்மீன் கோளை இழுப்பது போலவே கோளும் விண்மீனை இழுக்கிறது. அதனால் விண்மீன் சற்றுத் தள்ளாடும். எம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நிறமாலையில் நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் சிறிதளவு நகரும். அப்போது எங்கள் ஊருக்கு வராத புகையிரதத்தின் ஊதலை உதாரணமாக வைத்து நாங்கள் படித்த அதே டொப்ளர் விளைவுதான்.

வியாழன் எமது சூரியனைச் செக்கனுக்கு 12 மீற்றர் அளவில் அசைக்கிறது. ஒரு சுற்றுக்கு 12 ஆண்டுகள் எடுக்கிறது. ஆகவே பெரிய கோளைத் தேடுவோர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றே பெரும்பாலோர் எண்ணினர். கனடிய ஆய்வாளர்கள் 21 விண்மீன்களை 12 ஆண்டுகள் அவதானித்து, வியாழனை ஒத்த கோள் எதுவும் அகப்படவில்லை என்று 1995இல் எழுதினர். பெரிய கோள் விண்மீனுக்கு மிக அருகிலும் இருக்கலாம், அதை இலகுவில் கண்டுபிடிக்கலாம் என்று ஒட்டோ ஸ்ட்ரூவ 1952இலேயே எழுதியிருந்தார். அதைப் பொருட்படுத்தியோர் குறைவு.

ஜெனீவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிசேல் மயோரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் டிடியே கெலோசும் 1994இல் தென் பிரான்சில் 142 விண்மீன்களை அவதானிக்கத் தொடங்கினர். 51 பெகாசி 4.2 நாளுக்கு ஒரு முறை, செக்கனுக்கு 50 மீற்றருக்கும் மேலாக அசைந்தது. கருவியில் பிழையோ என்றுதான் கெலோஸ் முதலில் அஞ்சினார். சூரியனுக்குப் பின்னால் மறைந்த விண்மீன் 1995 யூலையில் மீண்டும் தெரியும்வரை காத்திருந்தனர். கணித்தபடியே அசைவு இருந்தது. வியாழனின் பாதியளவு திணிவாவது கொண்ட கோள் அது. புதன் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு தூரத்தில் தன் விண்மீனைச் சுற்றுகிறது.

1995 ஒக்ரோபர் 6ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இதனை அறிவித்தனர். அந்த மாதம் 30ஆம் திகதி நாங்கள் வலிகாமத்தை விட்டு நடந்தோம். புத்தகப் பையைத் தூக்கியவர்கள் சிலர், தம்பி தங்கையைத் தூக்கியவர்கள் சிலர். மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் எங்கள் வானம் நட்சத்திரங்களால் நிறைந்திருந்தது. செய்திதான் வந்து சேரவில்லை. பல ஆண்டுகளின் பின், வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டுதான் இதைப் பற்றி வாசித்தோம். அத்தகைய கோள் தொலைவில் பிறந்து உள்ளே நகர்ந்திருக்க வேண்டும் என்பது பலருடைய விளக்கம். விஞ்ஞானத்திலும் அதற்கு இடப்பெயர்வு என்றே பெயர்.

இன்றைய மாணவிகளுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த பகுதியை. கலிபோர்னியாவின் லிக் அவதான நிலையத்தார் 1987 முதலே அளவீடுகளைச் சேர்த்து வைத்திருந்தனர். சில நாள் சுற்றுக்காலம் கொண்ட கோளை அவர்கள் தேடவில்லை. அறிவிப்பு வந்ததும் சில இரவுகளிலேயே அதனை உறுதிசெய்தனர். பின் தமது பழைய அளவீடுகளை மீண்டும் ஆராய்ந்து, 1996 ஜனவரியில் வேறு இரண்டு கோள்களை அறிவித்தனர். தேடிய விடை கையிலேயே இருந்தது, கேள்விதான் குறுகியிருந்தது. எங்கே இருக்காது என்று முன்கூட்டியே முடிவுசெய்கிறோமோ, அங்கே பார்க்கவும் மாட்டோம். பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் வராது என்று சொல்வோருக்கும் இது பொருந்தும். ஹார்வர்ட் அவதான நிலையத்தில் அனி ஜம்ப் கனன் என்ற பெண் 225,300 விண்மீன்களை நிறமாலைப்படி வகைப்படுத்தினார். 'சூரியனைப் போன்றது' என்று ஒரு விண்மீனைச் சொல்வதே அந்த வகைப்பாட்டின் துணையோடுதான்.

மயோரும் கெலோசும் 2019இல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்தனர். இன்று அறியப்பட்ட புறக்கோள்கள் ஐயாயிரத்துக்கும் மேல்.

எங்கள் வகுப்பினர் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குச் சிறிய தொலைகாட்டி ஒன்றை வழங்குகிறோம். அதில் அந்தக் கோள் தெரியாது. அந்த விண்மீன் தெரியும். ஒக்ரோபர் இரவுகளில் மழை இல்லாத நாளாகப் பார்த்து, மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.