நாள் தள்ளிப்போகும் முன்பே



நம்ம ஊர்ல மருமகள் முழுகாம இருந்தா, "மூணு மாசம் போகட்டும், அப்புறம் சொல்லலாம்"னு மறைத்து வைக்கிறோம். கண்ணு பட்டுடும்னு பயம். நர்சம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. சமூகப்பணி படித்த நானே முதல் குழந்தைக்கு நாலாம் மாசம்தான் போனேன்.

ஆனால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டான 28 நாளிலேயே மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போச்சான்னு நாம எண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்த வேலை முடிஞ்சுபோகும்! சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகில் கட்டியோடு பிறக்கலாம், கால் செயல்படாமல் போகலாம். ஃபோலிக் அமில மாத்திரை இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்கணும். தினம் 400 மைக்ரோகிராம், மூன்று மாதம் முடியும்வரை. தெரியாமல் உண்டாகிவிட்டால் தெரிந்த அன்றே தொடங்குங்கள். முன்பு இப்படிக் குழந்தை பிறந்தவர்களும், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள். அவர்களுக்கு அளவு கூடலாம்.

"கீரை சாப்பிடுறோமே?" என்பீர்கள். சாப்பிடுங்கள், வேகவைத்த தண்ணியைக் கொட்டாதீங்க. ஆனா அது மட்டும் போதாது. மாத்திரையால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பது வீண் பயம்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்சம்மாவிடம் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் புதுசா கல்யாணமான பெண்ணோடு மாமியாரையும் கூட்டிட்டு வாங்க.