பால்வாடி டீச்சருக்கு உடம்பு முடியலைன்னா?

ஏற்காட்டில் அங்கன்வாடி பணியாளர்கள், உதவியாளர்கள் சந்திப்பில் நமது மாவட்டப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்:

நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம், தலைச்சோலைன்னு மலையோட எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கீங்க. கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னு சொன்னீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இந்தச் சேர்வராயன் மலையில காபிப் பழம் பறிக்கிற பெண்களுக்கு 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. மருத்துவ வசதி, நோய்க்கால உதவித்தொகை, பேறுகால உதவித்தொகை, 50 பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் குழந்தைக் காப்பகம், எல்லாம் அதில் எழுதியிருந்தது. எத்தனை எஸ்டேட் ஒழுங்கா கொடுத்துச்சுன்னு கேட்டா அது தனிச் சண்டை. ஆனா கேட்கிறதுக்குக் கையில ஒரு சட்டம் இருந்தது. கீழே சேலத்துல மில்லுக்குப் போற தங்கச்சிக்கு இ.எஸ்.ஐ. இருக்கு. உடம்பு முடியாம படுத்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். அந்த அம்மாக்களோட பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, எடை பார்த்து, பாட்டு சொல்லிக் கொடுக்கிற உங்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது.

காரணம் ஒரே வார்த்தை: மதிப்பூதியம். 1975 அக்டோபர் 2-ல ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்சதிலிருந்து, நீங்க தொண்டு செய்ய வந்தவங்கன்னுதான் டெல்லி கணக்கு வெச்சிருக்கு. 2018 அக்டோபர்ல ஒன்றிய அரசு நிர்ணயிச்ச தொகை பணியாளருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அது நகரலை. இங்கே சிறப்புக் காலமுறை ஊதியம்னு வாங்கறீங்க, சரி. அந்த "சிறப்பு"ங்கிற வார்த்தைதான் உங்களை அரசு ஊழியர் வரிசைக்கு வெளியே நிறுத்துது. உங்களைத் தொழிலாளரா அங்கீகரிக்கணும்னு 2013-ல 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடே பரிந்துரை செஞ்சாச்சு.

இப்போ கையில என்ன இருக்குன்னு பார்ப்போம். 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்ல, அங்கன்வாடி பணியாளர், உதவியாளர் எல்லாருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு உண்டுன்னு அறிவிச்சாங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். தமிழ்நாட்டுல இது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோட இணைஞ்சு நடக்குது. முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருமான வரம்பு 1,20,000. மாசம் 10,000-க்கு ஒரு ரூபாய் கூட வந்தாலே அந்த வரம்பு தாண்டிடும். அதனால "வருமானச் சான்று கொண்டு வா"ன்னு யாராவது திருப்பி அனுப்பினா, 2024 அறிவிப்பைச் சொல்லி, அங்கன்வாடி பணியாளர்ங்கிற தகுதியில பதியச் சொல்லிக் கேளுங்க.

ஆனா அந்த அட்டை ஆஸ்பத்திரியில படுக்கையில சேர்ந்தாத்தான் பேசும். உங்களுக்கு வர்றது என்ன? முட்டி வலி, இடுப்பு வலி, பிரஷர், சுகர், தைராய்டு, ரத்தசோகை. ஊர்ல இருக்கிற கர்ப்பிணிக்கெல்லாம் சத்துமாவு கொடுக்கிற அக்காவுக்கே ரத்தசோகை! இதுக்கெல்லாம் புற நோயாளிச் சீட்டுதான். பெரிய டெஸ்ட்டுன்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி. ஒரு நாள் போச்சு.

அந்த ஒரு நாள்தான் இங்கே சிக்கல். மலைப்பகுதி விதிப்படி 150-லிருந்து 300 பேர் இருக்கிற சின்ன ஊர்னா குறு மையம். அங்கே ஒரே ஒருத்தர். உதவியாளர் கிடையாது. அவங்க லீவு போட்டா கதவு பூட்டிக்கிடக்கும். தோட்டத்துக்குப் போற அம்மா பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டுப் போகணும், இல்லைன்னா எட்டு வயசு அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வீட்ல நிக்கணும். இது தெரிஞ்சுதான் நம்ம டீச்சருங்க காய்ச்சலோட மையத்தைத் திறக்கிறாங்க. பேறுகாலத்துக்குச் சம்பளத்தோட 180 நாள் விடுப்பு ஒன்றிய அரசு விதியிலேயே இருக்கு. பதிலுக்கு வர ஆள் இல்லாத ஊர்ல அந்த 180 நாளை முழுசா எடுக்க மனசு வருமா?

அதனால வட்டார அலுவலகத்துல நாம வைக்கிற முதல் கோரிக்கை, ஏற்காடு வட்டாரத்துக்குன்னு பயிற்சி பெற்ற மாற்றுப் பணியாளர்கள். யாருக்கு முடியலையோ அந்த மையத்துக்கு அன்னைக்கே போக ஆள் வேணும். இது கிடைச்சா பாதிப் பிரச்சினை தீரும்.

ரெண்டாவது, ஏற்காடு அரசு மருத்துவமனையில மாசம் ஒரு நாள் உங்களுக்குன்னு ஒதுக்கணும். மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனையும் அன்னைக்கே நடக்கணும். கூச்சப்பட்டுத் தள்ளிப் போடாதீங்க. புற்றுநோய்னு தெரிஞ்சா அங்கன்வாடி பணியாளர் காப்பீட்டுல கிடைக்கும்னு வெச்ச தொகை 20,000 ரூபாய். அதை வெச்சு என்ன பண்றது? சீக்கிரம் கண்டுபிடிக்கிறதுதான் நமக்கு வழி. 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர் சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது. நல்ல திட்டம். ஆனா பகல்ல நீங்க வீட்ல இல்லையே! மையத்துக்கே கொண்டு வந்து கொடுக்கச் சொல்லிக் கேட்போம்.

ஓய்வு பெறப் போற அக்காக்களுக்கு ஒண்ணு. 2022 ஏப்ரல் 25-ல உச்ச நீதிமன்றம், குஜராத் அங்கன்வாடி சகோதரிகள் தொடுத்த வழக்குல, 1972 பணிக்கொடைச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம். நியமன ஆணை, பதவி உயர்வு ஆணை, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

வாசல்ல நம்ம தோழர்கள் ரெண்டு நோட்டு வெச்சிருக்காங்க. காப்பீட்டு அட்டை இன்னும் வராதவங்க ஒண்ணுல பேர் எழுதுங்க. தனி ஆளா மையம் நடத்தறவங்க இன்னொண்ணுல ஊர் பேரோட எழுதுங்க. அந்தப் பட்டியலோடதான் திட்ட அலுவலரைப் பார்க்கப் போறோம். உங்கள்ல அஞ்சு பேர் கூட வரணும். பஸ்ஸுக்கு நேரமாச்சு.

#ஏற்காடு #அங்கன்வாடி