இது என்ன வகை எழுத்து?



புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாக்குத்தத்த அட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதில் அடிக்கடி இடம்பெறுவது எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம். உங்களுக்கு நல்லதையே நினைத்திருக்கிறேன் என்று கடவுள் ஆறுதல் சொல்லும் இடம். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை. பாபிலோனில் 70 ஆண்டு கழிந்த பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்கிறது அது.

அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி ஒரு கடிதம். எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், போன ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறார். சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டிய தீர்க்கதரிசிகளுக்கு மறுப்பும் அதிலேயே இருக்கிறது. வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் மிகப்பலர் அந்தத் திரும்புதலைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. கடிதம் என்று தெரிந்து படிப்பதால் ஆறுதல் குறைந்துபோகாது. ஆனால் இந்த வருடமே வேலை கிடைத்துவிடும் என்ற பொருளை அதிலிருந்து எடுக்க முடியாது.

இப்படி ஒரு வசனத்தை மட்டும் தனியே எடுப்பதில் வசன எண்களுக்கும் பங்குண்டு. ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551-இல் புதிய ஏற்பாட்டை வசனம் வசனமாக எண்போட்டு வெளியிட்டார். பிறகு முழு வேதாகமத்துக்கும் அதுவே வழக்கமாயிற்று. தேடி எடுக்க வசதிதான். பிய்த்து எடுக்கவும் அதே வசதி.

வேத வியாக்கியானத்துக்கு விதிகள் பல சொல்வார்கள். எனக்கு முதன்மையாகப் படுவது ஒரு கேள்வி: நான் படிப்பது என்ன வகை எழுத்து? இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, நியாயாதிபதிகளின் புத்தகத்தில் 4, 5 அதிகாரங்களை அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். ஒரே சம்பவம் இரண்டு முறை வருகிறது.

4-ஆம் அதிகாரம் உரைநடை. இஸ்ரவேலரோடு போரிட்டுத் தோற்ற படைத்தலைவன் சிசெரா, தேரை விட்டிறங்கி, கால்நடையாக ஓடி யாகேல் என்ற பெண்ணின் கூடாரத்துக்கு வருகிறான். தண்ணீர் கேட்கிறான். அவள் பால் கொடுத்து, போர்த்திவிடுகிறாள். அயர்ந்து தூங்கும்போது கூடார முளையை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுத்தியால் அறைகிறாள். 5-ஆம் அதிகாரம் அதே வெற்றியைப் பாடும் தீர்க்கதரிசி தெபொராளின் பாட்டு. அதில் தூக்கம் என்ற பேச்சே இல்லை. அடி வாங்கியவன் அவள் காலடியில் மடங்கி விழுகிறான். அந்த விழுதலையே பாட்டு திரும்பத் திரும்பச் சொல்கிறது. படுத்திருந்தவன் எப்படி விழுவான் என்று குறுக்கு விசாரணை செய்யலாம். பாட்டுக்கு அது கேள்வியே அல்ல. ஓர் அடி சொன்னதை அடுத்த அடி வேறு சொல்லில் ஏந்தி அழுத்துவது எபிரெயக் கவிதையின் நடை. ஆக்ஸ்போர்டில் தாம் ஆற்றிய உரைகளை 1753-இல் நூலாக்கிய ராபர்ட் லோத் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

பாட்டில் மட்டும் இன்னொருத்தியும் வருகிறாள், சிசெராவின் தாய். ஜன்னல் வழியே பார்த்து, தேர் வர ஏன் இவ்வளவு நேரம் என்று தவிக்கிறாள். கொள்ளையைப் பங்கு போடுகிறார்கள், அதுதான் தாமதம் என்று கூட இருக்கும் சீமாட்டிகள் சமாதானம் சொல்கிறார்கள். பாட்டு அவளுக்காக இரங்குகிறதா, அவளைப் பார்த்துச் சிரிக்கிறதா? சிரிக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஜெயித்தவர்கள் பாடும் பாட்டு அல்லவா!

யோசுவா 10-இல் சூரியன் நின்றதாக வரும் இடத்தையும் பாருங்கள். யாசேரின் புத்தகம் என்ற பழைய நூலை அந்த அதிகாரமே சான்றுகாட்டுகிறது. அந்த நூல் நம் கைக்கு வரவில்லை. அங்கே நாம் கேட்பது பாட்டின் குரல். ஆனாலும் அதை வைத்து, சுற்றுவது பூமியா சூரியனா என்று பெரிய வழக்கே நடந்தது. டஸ்கனியின் சீமாட்டி கிறிஸ்டினாவுக்கு 1615-இல் எழுதிய கடிதத்தில் கலிலியோகூட அதை வானியலாகவே விளக்கப் பார்த்தார்!

எழுத்தின் வகை பார்த்துப் படிக்கும் இந்தக் கலையில் ஒரு கள்ள வழியும் இருக்கிறது. சங்கடமான இடம் வந்தால் 'அது கவிதைதானே' என்று நழுவிவிடுவது. ஆமோஸ் தீர்க்கதரிசியின் 8-ஆம் அதிகாரமும் பெரும்பாலும் கவிதைதான். அமாவாசையும் ஓய்வுநாளும் எப்போது முடியும், கடையைத் திறக்கலாமே என்று காத்திருக்கிறார்கள் தானிய வியாபாரிகள். மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, பதரையும் சேர்த்து விற்கிறார்கள். ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு ஏழையையே வாங்குகிறார்கள். சற்றுத் தள்ளி, நடுப்பகலில் சூரியன் அஸ்தமிக்கும் என்றும் வருகிறது. அந்தச் சூரியனை உருவகம் என்று எடுத்துக்கொள்ளலாம். எடைக்கல்லை அப்படி எடுத்துக்கொள்ள ஆமோஸ் இடம் வைக்கவில்லை. அதிகாரம் மொத்தமே 14 வசனந்தான். எண்களைப் பார்க்காமல், வாய்விட்டு, ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.