சொட்டு நீர்ப்பாய்ச்சலும் சங்கத்தாரின் சிரத்தையும்



பெரியாற்றுத் தண்ணீர் 1895-ம் வருஷத்தில் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது முதல் ஆற்றங்கரை நஞ்சைகள் செழித்தன. ஆற்றுக்கு எட்டாத மேட்டு நிலங்களுக்கோ கிணறும் மழையுமே கதி. ஆகையால் ஒரு கணக்கைச் சொல்லுகிறேன்.

ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,210 வாழை நிற்கும். மரம் ஒன்றுக்குத் தினம் 16 லிட்டர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 19,360 லிட்டர் செலவாகும். அதே ஏக்கரில் வாய்க்கால் வழியாக ஒரு தடவை இரண்டு அங்குலம் நிற்கப் பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் போய்விடும். பத்து நாள் தண்ணீரை ஒரே நாளில் கொட்டுகிறோம். அதில் வேர் குடித்தது போக, மிகுதி களைக்கும் வெயிலுக்கும் போகிறது.

இந்தச் சொட்டுக் குழாய்களை 1965-ம் வருஷத்தில் வியாபார முறையில் செய்யத் தொடங்கியவர்கள் இஸ்ரேல் தேசத்து ஹட்சரிம் என்னும் கூட்டுப் பண்ணையார். நம்மைப் போலக் கூடி வாழ்பவர்கள் என்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

குழாய் போடுவது சுலபம். காப்பாற்றுவதில்தான் சிரத்தை வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கு நம் ராஜ்ய சர்க்கார் முழு மானியமும், மற்றவர்களுக்கு நூற்றுக்கு 75-ம் அளிக்கிறது. ஆனால் ஒருமுறை மானியம் பெற்ற நிலத்திற்கு ஏழு வருஷம் கழியாமல் மறுபடி கிடையாது. இரண்டாம் வருஷத்திலேயே அடைத்துப்போன குழாயைச் சுருட்டி வரப்பில் போட்டவர், மீதி ஐந்து வருஷமும் பழையபடி வாய்க்காலையே நம்ப வேண்டும். இலவசமாய் வந்ததுதானே என்னும் எண்ணமே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் உண்டு; மணலும் பாசியும் சேரும். வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள். வாரம் ஒருமுறை பக்கக் குழாய்களின் கடைமூடியைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவாய் கால்மணியில் ஒரு லிட்டர் விடவேண்டும். முதல் மரத்தடியிலும் கடைசி மரத்தடியிலும் பாத்திரம் வைத்து அளந்து பாருங்கள். குறைந்தால் அடைப்பு என்று அறியலாம். உப்பு கரைக்க அமிலம் விடுகையில் அளவைத் தோட்டக்கலை அதிகாரியிடம் கேட்டே விடவேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றலாம். அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றலாகாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மிச்சமான தண்ணீரைக் கொண்டு உடனே இன்னொரு ஏக்கர் வாழை வைக்க ஆசை வரும். அப்படிச் செய்தால் ஊர் நிலத்தடி நீர் முன்போலவே இறங்கும். பக்கத்துக் கிணற்றுக்காரருக்கும் அதுவே ஊற்று.

சொட்டுவாய், இணைப்பு முதலிய சில்லறைச் சாமான்களைச் சங்கத்தில் மொத்தமாக வாங்கி வைத்தால், ஒரு சிறு துண்டுக்காகத் தேனிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. இதை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். மானியம் கோருபவர்கள் சிட்டா, அடங்கல், தாசில்தார் அளிக்கும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றுடன் தோட்டக்கலை அலுவலகத்தில் மனுச் செய்யலாம். எழுத உதவி வேண்டுவோர் சங்கக் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள்.