டிராக்டரைத் தூக்குமுன் முட்டுக்கட்டை தேடுங்கள்



சம்பா அறுப்பு முடிந்து, கோடை உழவுக்கு முன்னால் கிடைக்கிற பத்துப் பதினைந்து நாளில்தான் நம்மில் பலர் டிராக்டரைப் பிரித்துப் போடுகிறோம். பட்டறைக்குக் கொண்டு போனால் கூலியும் ஆகும், நாளும் ஆகும். அதனால் வீட்டுக் களத்திலேயே, தெரிந்த மெக்கானிக் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கிளட்ச் பிளேட்டு மாற்றுகிறோம், சக்கரம் கழற்றுகிறோம். செய்யுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. நானும் அப்படிச் செய்கிறவன்தான். ஆனால் 35 குதிரைத்திறன் டிராக்டர் என்றால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன்னிலிருந்து இரண்டு டன் இருக்குமே! அது சரிந்தால் நாலு பேர் சேர்ந்தும் பிடிக்க முடியாது.

முதலில் ஜாக்கியைப் பார்ப்போம். ஆயில் ஜாக்கியில் நாம் கையால் அடிக்கிற எண்ணெய்தான் தண்டை மேலே தள்ளுகிறது. அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையமும் ஒரு சின்ன வால்வும்தான். வளையம் தேய்ந்திருந்தாலோ, வால்வில் ஒரு மணல் பொடி உட்கார்ந்தாலோ ஜாக்கி இறங்கும். சில சமயம் கண்ணுக்கே தெரியாமல் மெதுவாக; சில சமயம் ஒரேயடியாக. "எங்க ஜாக்கி புதுசுங்க" என்பீர்கள். புது ஜாக்கியும் தரை அமுங்கினால் சாய்ந்து நழுவும். ஆகவே தூக்குவது ஜாக்கியாக இருக்கட்டும், தாங்குவது முட்டாக இருக்கட்டும். முட்டு வைக்கிறவரை வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், கையைக்கூட விடாதீர்கள்.

முட்டு எது? செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். அச்சின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தும்போது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். மரம் அப்படியல்ல, நசுங்கும், முனகும், நாம் விலக அவகாசம் தரும். சதுரமாக அறுத்த வேலங்கட்டைகளை இரண்டு குறுக்கே, இரண்டு நெடுக்கே என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். தென்னந்துண்டு உருளும். கரிசல் தரையாக இருந்தால் கட்டைக்கும் ஜாக்கிக்கும் அடியில் அகலப் பலகை போடுங்கள்.

பின்சக்கரம் ஒன்றைத் தூக்கும்போது இன்னொரு விஷயம். "கியரில் போட்டிருக்கிறேன், வண்டி எங்கே நகரும்?" என்று பலர் நினைக்கிறார்கள். நகரும். ஒரு சக்கரம் தரையை விட்டதும், டிஃபரன்ஷியல் இருப்பதால் அது காற்றில் சுற்ற, தரையிலுள்ள சக்கரம் தாராளமாக உருளும். கியரை நம்பாமல் கைப்பிரேக்கைப் போட்டு, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டயரில் பாரத்துக்குத் தண்ணீர் அடைத்திருந்தால், கழற்றுமுன் வடித்துவிடுங்கள். பின் டயரில் 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அத்தனை கிலோவும் உங்கள் காலில்தான் சாயும்.

இனி, கிளட்ச் வேலை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஊசலாடுகிறது. மேடு பள்ளத்தில் முன்சக்கரங்கள் ஏறி இறங்க அந்த ஏற்பாடு. வண்டி முழுதாக இருக்கிறவரை தொல்லையில்லை. என்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்துவிட்டாலோ, முன்பாதி அந்த ஒற்றை முளையை நம்பித்தான் நிற்கிறது. எந்தப் பக்கமும் சாயலாம். அதனால் பிரிக்குமுன்பே, அச்சுக்கும் அதன் மேலுள்ள சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்கி அடிக்க வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன் என் களத்தில் ஒரு பக்கம்தான் அடித்தோம். மறுபக்கத்து ஆப்பு சிறுத்துவிட்டது. "மாமா, பிரிச்சுட்டுச் செதுக்கிக்கலாம், பொழுது போவுது" என்றார் என் மச்சான். நானும் சரி என்றேன். கடைசி போல்ட்டு கழன்று இரண்டு பாதியும் ஒரு முழம் விலகியதும், என்ஜின் பாதி ஆப்பு இல்லாத பக்கம் சாய்ந்தது. என்ஜினுக்கும் பக்கத்து இரும்பு முட்டுக்கும் நடுவே அவர் வலது முழங்கை மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது. கை இன்றுவரை முழுதாக நீளவில்லை. பால் கறக்க இடது கையைத்தான் நம்பியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்த ஆப்பைச் செதுக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

என்ஜினையே வெளியே எடுப்பதானால் செயின் பிளாக் வேண்டும். எதில் மாட்டுவது? முருங்கைக் கிளையில் யாரும் மாட்ட மாட்டீர்கள். வேம்பு, புளி என்றாலும் உள்ளே பொந்து இருந்தால் வெளியே தெரியாது. மாட்டுக்கொட்டகை விட்டம் ஓட்டைத் தாங்க வைத்தது, என்ஜினைத் தாங்க அல்ல. கனமான இரும்புக் குழாயில் முக்காலி நிறுத்தி, கால்கள் விரிந்து ஓடாமல் அடியில் மூன்றையும் சங்கிலியால் பிணையுங்கள்.

சங்கிலியை இரண்டு காலாக மாட்டினால் ஆளுக்குப் பாதி பாரம் என்று கணக்குப் போடுகிறோம். நேராகத் தொங்கினால்தான் அந்தக் கணக்கு. கால்கள் அகன்று நடுக்கோணம் 120 டிகிரி ஆகிவிட்டால், ஒவ்வொரு காலிலும் முழுப் பாரத்தின் இழுவை வரும். 250 கிலோ என்ஜினுக்கு ஒவ்வொரு காலும் 250 கிலோ! மாட்டுகிற இரண்டு புள்ளிகளுக்கு இடையில் எவ்வளவு தூரமோ, ஒவ்வொரு காலும் அவ்வளவு நீளமாவது இருக்கட்டும். கொக்கியின் வாய் விரிந்திருந்தால் அதைத் தட்டி வளைத்துத் திரும்ப மாட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். ஒரு சாண் தூக்கி, வெற்றிலை போடுகிற நேரம் பாருங்கள். அசையாமல் நின்றால் மேலே தூக்கலாம்.

ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்துக் கத்தி மாற்றுகிறவர்களும், டிப்பர் டிரெய்லரைத் தூக்கி அடியில் கிரீஸ் வைக்கிறவர்களும் அங்கேயும் தாங்குவது எண்ணெய்தான் என்று மறந்துவிடுகிறார்கள். குழாய் ஒன்று வெடித்தால், யாராவது பிள்ளை லீவரைத் தொட்டால் போதும். டிப்பரில் முட்டுத்தண்டு இருக்கிறதா, துருவேறி மடங்காமல் நிற்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். இல்லையென்றால் ஊர்ப் பட்டறையில் சொல்லி ஒன்று வைக்கச் செய்யுங்கள். அரை நாள் வேலை.